செவ்வாய்க்கிழமை தரிசனம்

முன்பெல்லாம் முதல் சம்பளம் வாங்கிய பையன் கைக்கடிகாரம் வாங்குவான். அப்புறம் டேப்ரிக்கார்டர் வந்தது. அப்புறம் பைக். இப்போது நான் பார்க்கிற பையன்கள் எல்லாம் ஒரே சாமானைப் பற்றித்தான் பேசுகிறார்கள். செங்கல் சைஸில் இருக்கும். இரண்டு மூன்று ஃபேன் சுற்றும். விலையைக் கேட்டால் நமக்கும் சுற்றும். பெயர், கிராபிக்ஸ் கார்டு.

கைக்கடிகாரம் வாங்கியவன் பத்து வருஷம் அதையே கட்டிக்கொண்டு திரிந்தான். கார்டு வாங்கியவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மூன்றாம் மாதமே புதுசு ஒன்று வந்துவிட்டதாக யாராவது சொல்லிவிடுகிறார்கள். அன்றிலிருந்து பழசு கொஞ்சம் மெதுவாக ஓடுகிற மாதிரி ஒரு பிரமை. 'மாத்திடலாமா?' என்ற கேள்வி, பல் வலி மாதிரி, ராத்திரியில்தான் அதிகம் படுத்துகிறது. இதற்கு வயசு வரம்பும் கிடையாது. தலை நரைத்த சீனியர் அக்கவுன்டன்ட்கள் பெண்டாட்டியிடம் 'ஆபீஸ் சாமான்' என்று சொல்லி டெலிவரி வாங்குகிறார்கள்.

மாற்றலாமா, வேண்டாமா? ஒரு நிஜமான வழக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

என் தங்கையைக் கட்டிக்கொடுத்தது சிறுவாச்சூரில். திருச்சியிலிருந்து சென்னை போகிற பஸ்ஸில், பெரம்பலூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அந்த ஊர். மதுரகாளியம்மன் ஊர். (அம்மனுக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தம் உண்டு. பிறகு வருகிறேன்.)

தங்கை மகன் பெரம்பலூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். காலை எட்டேகாலுக்கு பஸ். ராத்திரி ஏழரைக்கு வீடு. சாப்பாடு முடிந்து ஒன்பதரைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மூன்று பேர் காத்திருப்பார்கள். நாலு பேரும் ஆறாம் கிளாஸிலிருந்து ஒரே பெஞ்ச். இன்றைக்கு ஒருத்தன் பெங்களூர், ஒருத்தன் திருப்பூர், ஒருத்தன் மஸ்கட். கல்யாணம் காட்சிக்குக்கூட நாலு பேரும் ஒன்றாக வர முடிவதில்லை. அதனால் ராத்திரியில் கற்பனை நாட்டில், கற்பனைத் துப்பாக்கியோடு சந்தித்துக்கொள்கிறார்கள். சுடுவது கொஞ்சம், பேசுவது நிறைய. 'டேய், பின்னாடி ஆள் வர்றான் பாரு... ஆமா, உங்கப்பாவுக்கு ஷுகர் எப்படிடா இருக்கு?' என்கிற ரீதியில்.

2025 அக்டோபரில் மற்ற மூன்று பேரும் 'பேட்டில்ஃபீல்டு 6' என்ற புது ஆட்டத்துக்குக் குடிபோனார்கள். அதில் அணிக்கு நாலு பேர். இவன் மெஷினில் அதற்கு இடமில்லை. ஆறு வருஷத்துக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர். இன்டெல் ஐ5 9400எஃப் ப்ராஸஸர், எட்டு ஜி.பி. ராம், ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ கார்டு, 22 அங்குல மானிட்டர். கொஞ்ச நாள் மூன்று பேரும் வாரத்தில் இரண்டு நாள் பழைய 'வாலரண்ட்' ஆட்டத்துக்கு வந்து இவனோடு ஆடிவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு நாளாயிற்று. எங்கே முடியும் என்பது அவனுக்குத் தெரியாதா?

கையில் சீட்டு எடுத்த பணம் நாற்பதாயிரம். அவன் கண் வைத்திருந்தது ஆர்.டி.எக்ஸ். 5060 மேல். அதே நாற்பதாயிரத்தின் மேல் என் தங்கையும் கண் வைத்திருந்தாள். 'இருபத்தாறு வருஷமா கல்லுல துவைக்கிறேண்ணே. ஒரு வாஷிங் மெஷின் வாங்கிக் குடுன்னா, கம்ப்யூட்டருக்கு ஏதோ செங்கல்லு வாங்கணுங்கறான்.'

வழக்கு என்னிடம் வந்தது. ஒரு பக்கம் அநியாயமாக இருந்தால் தீர்ப்பு சுலபம். இங்கே இரண்டு பக்கமும் நியாயம். மத்தியஸ்தனுக்கு இதைவிடத் தண்டனை கிடையாது.

'சரி மாப்ளே, முதல்ல இது என்ன வேலை செய்யுதுன்னு பார்ப்போம்' என்று ஆரம்பித்தேன்.

மானிட்டரில் தெரிகிற ஒரு படம் என்பது 1920-க்கு 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. ஆட்டம் சரளமாக ஓட வினாடிக்கு இப்படி 60 படம் வேண்டும். அதாவது ஒரு வினாடிக்குள் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு என்ன நிறம் என்று தீர்மானித்தாக வேண்டும். நாம் ஒரு புடவைக்கு நிறம் தீர்மானிக்க மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்கிற இனம்.

இந்த வேலையை ப்ராஸஸரால் செய்து முடிக்க முடியாது. பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயக் காடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் ப்ராஸஸரில் இருப்பது ஆறு கோர். ஆறு கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளைகள். எந்தக் கணக்கும் போடுவார்கள், ஆனால் ஆறே பேர். காட்டில் குனிந்து வெங்காயம் பிடுங்க ஆள் பட்டாளம் வேண்டும். அந்தப் பட்டாளம்தான் கிராபிக்ஸ் கார்டு. 1050 டிஐயில் 768 பேர். 2060-ல் 1,920 பேர். 5060-ல் 3,840 பேர். ஒவ்வொருவருக்கும் பெரிய மூளை கிடையாது. ஒரே மாதிரி வேலையை எல்லாரும் ஒரே நேரத்தில் செய்வார்கள். கணக்குப்பிள்ளைகள் 'நீ இந்தப் பாத்தி, நீ அந்தப் பாத்தி' என்று பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இது புரிந்துவிட்டால் பாதி வழக்கு முடிந்தது. மீதிக்கு நான்கே கேள்வி.

முதல் கேள்வி: நெரிசல் எங்கே?

ஆட்டம் மெதுவாக ஓடினால் உடனே கார்டின் மேல் பழி. காட்டில் வேலை மெதுவாக நடக்கிறது என்றால் ஆள் பற்றாக்குறையாக இருக்கலாம், கணக்குப்பிள்ளை தூங்கிக்கொண்டும் இருக்கலாம். கணக்குப்பிள்ளை தூங்கும்போது இன்னும் மூவாயிரம் ஆளை லாரியில் கொண்டுவந்து இறக்கினால் என்ன ஆகும்? மூவாயிரம் பேரும் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். திருமாந்துறை டோல்கேட்டில் வரிசை நின்றால், நீங்கள் வேகமான கார் வாங்கி என்ன பிரயோஜனம்? டோல்கேட்டுக்குச் சீக்கிரம் வந்து சேர்ந்து, அதிக நேரம் நிற்கலாம்.

கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. ஆட்டத்தின் செட்டிங்ஸில் ரெஸல்யூஷனை 1080-லிருந்து 720-க்குக் குறையுங்கள். பிடுங்க வேண்டிய பாத்தி பாதிக்கும் கீழே குறைந்துவிடும். உடனே ஃபிரேம் கணக்கு எகிறினால், தட்டுப்பாடு ஆளுக்குத்தான். கார்டு பலவீனம். குறைத்தும் அசையாமல் அதே இடத்தில் நின்றால், தூங்குவது கணக்குப்பிள்ளை. புதுக் கார்டு போட்டாலும் அப்படியே நிற்கும். இன்னொரு வழியும் உண்டு. ஆட்டம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜி.பி.யு. சதவீதத்தைப் பாருங்கள். 95-க்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் கார்டு உயிரைக் கொடுத்து உழைக்கிறது. அறுபது எழுபதில் உலாவிக்கொண்டிருந்தால் அது யாருக்காகவோ காத்திருக்கிறது.

மருமகன் வாலரண்டில் பரீட்சை செய்தான். 1080-ல் நூற்றிமுப்பது சொச்சம். 720-லும் நூற்றிமுப்பது சொச்சம். 'கார்டு மேல தப்பு இல்ல போலிருக்கே மாமா' என்றான், கேஸில் சாட்சி பல்டியடித்த வக்கீல் மாதிரி.

இரண்டாவது கேள்வி: உன் மானிட்டர் எத்தனை படம் காட்டும்?

இங்கேதான் அம்மன் வருகிறாள். சிறுவாச்சூர் கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். வழக்கமாக நடை திறப்பது திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான். விசேஷ நாட்கள் தனிக்கணக்கு. மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணிந்து வந்து தங்கிய இடம் என்றும், மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலையில் செல்லியம்மனோடு இருக்கிறாள் என்றும் ஐதீகம். திங்கள், வெள்ளியில் கூட்டம் அலை மோதும். மாவிளக்குக்கு அங்கேயே மாவிடித்துக்கொண்டிருப்பார்கள். செவ்வாய்க்கிழமை போனால் கதவு சாத்தியிருக்கும். நீங்கள் பென்ஸ் காரில் போனாலும் சரி, ஹெலிகாப்டரில் இறங்கினாலும் சரி. எவ்வளவு வேகமாக வந்தாய் என்பதல்ல, நடை என்றைக்குத் திறக்கும் என்பதுதான் தரிசனம்.

மானிட்டரும் அப்படித்தான். மருமகனுடையது 60 ஹெர்ட்ஸ். வினாடிக்கு அறுபது தடவை நடை திறக்கும். கார்டு நூற்றிமுப்பது படம் வரைந்து கொடுக்கிறது. எழுபது படம் முழுசாகக் கண்ணுக்கு வராமலே போகிறது. அத்தனையும் செவ்வாய்க்கிழமை பக்தர்கள். இந்த லட்சணத்தில் இருநூற்றைம்பது படம் வரைகிற கார்டு வாங்கினால் செவ்வாய்க்கிழமைக் கூட்டம்தான் அதிகமாகும். (அதிக ஃபிரேம் இருந்தால் காட்டுகிற படம் இம்மி புதுசாக இருக்கும், மௌஸ் அசைவுக்குக் கொஞ்சம் சீக்கிரம் பதில் வரும் என்பது வாஸ்தவம். பந்தயத்தில் பரிசு வாங்கிப் பிழைக்கிறவர்களுக்கு அது முக்கியம். பெரம்பலூரில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு அவ்வளவு இல்லை.)

ஏற்கெனவே அறுபதைத் தாண்டி வருகிறவர்கள் கார்டை விட்டு மானிட்டரை 144 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் வித்தியாசம் கண்ணுக்கு உடனே தெரியும். செலவும் சாதாரணமாகக் குறைவு. ஆனால் கார்டு வாங்கப் போகிறவனிடம் மானிட்டர் வாங்கு என்று சொல்வது, பெண் பார்க்கப் போகிறவனிடம் முதலில் ஷேவ் பண்ணிக்கொள் என்று சொல்வது மாதிரி. நியாயம்தான், பிடிக்காது.

இதுவரை வாஷிங் மெஷின் கட்சிக்கு இரண்டு பாயின்ட். தங்கை காபி போட்டுக் கொண்டுவந்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

மூன்றாவது கேள்வி: நீ ஆட நினைப்பதில் எதையாவது இது முடியாது என்கிறதா?

'மெதுவாக ஆடுகிறது' வேறு. 'ஆடவே முடியாது' வேறு. முதலாவதற்கு செட்டிங்ஸைக் குறைத்துச் சமாளிக்கலாம். புல்தரையில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக அசையவில்லை என்பதற்காக யாரும் தற்கொலை செய்துகொள்வதில்லை. இரண்டாவதற்கு வைத்தியம் இல்லை.

சமீப வருஷங்களில் இந்த இரண்டாவது ரகம் அதிகமாகி வருகிறது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' இரண்டும், வெளிச்சம் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்குப் போடும் ரே டிரேஸிங் வித்தை கார்டிலேயே இருந்தால்தான் ஓடும். ஜி.டி.எக்ஸ். வம்சத்தில் அந்த வன்பொருள் இல்லை. 2018-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 20 வரிசையிலிருந்துதான் இருக்கிறது. பேட்டில்ஃபீல்டு 6 அந்த வித்தையைக் கேட்கவில்லை. ஆனால் கம்பெனி சொல்கிற குறைந்தபட்சத் தேவை ஆர்.டி.எக்ஸ். 2060, ராம் 16 ஜி.பி. ப்ராஸஸர் ஐ5 8400 போதும். மருமகனுடையது அதற்கு ஒரு தலைமுறை இளையது.

இன்னொன்று. 1050 டிஐ வந்தது 2016 அக்டோபரில். அந்த 10 வரிசைக்குப் புது ஆட்டங்களுக்கான டிரைவர் கொடுப்பதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்பு ஒட்டுகள் மட்டும் 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும். ஒன்பது வருஷம் வைத்தியம் பார்த்த டாக்டரைக் குற்றம் சொல்ல முடியாது. இருந்தாலும், பெரம்பலூர் ஜில்லாவில் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் படுத்திருக்கிறது. பன்னிரண்டு கோடி வருஷத்துப் பழசு என்கிறார்கள். 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற புவியியலாளர் கண்டெடுத்துச் சொன்னது. மருமகனின் கார்டு அந்த வரிசையில் சேர ஆரம்பித்துவிட்டது.

ஆக மூன்றாவது கேள்வியில் கார்டு கட்சி ஜெயித்தது. அழகுக்காகவோ ஃபிரேமுக்காகவோ அல்ல. கதவு அடைத்துவிட்டது, நண்பர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

(இந்த இடத்தில் சிலர் 'ஜி.டி.ஏ. 6 வருதே, அதுக்கு இப்பவே வாங்கி வெச்சுடலாமே' என்பார்கள். 2025 நவம்பரில் அறிவித்த தேதி 2026 நவம்பர் 19. அதுவும் பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும். கம்ப்யூட்டர் அந்த அறிவிப்பில் இல்லை. முந்தைய ஜி.டி.ஏ. 5, 2013-ல் மற்றதில் வந்து, 2015-ல்தான் கம்ப்யூட்டருக்கு வந்தது. பிறக்காத பிள்ளைக்கு எல்.கே.ஜி. சீட்டுக்கு ஃபீஸ் கட்டாதீர்கள்.)

நான்காவது கேள்வி: வருகிறவர் யாரையெல்லாம் கூட்டிக்கொண்டு வருவார்?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். கார்டு தனியாக வருவதில்லை.

1050 டிஐ 75 வாட்டில் காலம் தள்ளியது. பெரும்பாலான மாடல்களுக்குத் தனி வயர்கூட வேண்டாம். மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து கிடைப்பதையே சாப்பிட்டுக்கொள்ளும் சாது. 5060-க்கு 145 வாட். 2060-க்கு 160 வாட். தனியாக எட்டு முனை வயர் கேட்கும். மருமகன் பெட்டியில் இருந்த எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது கேபினெட்டோடு இலவசமாக வந்தது. வெளியே '450 வாட்' என்று ஸ்டிக்கர். ஸ்டிக்கர் ஒட்டக் கரண்ட் தேவையில்லை. புகை வந்தால் அது மட்டும் போகாது, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். அதனால் நல்ல கம்பெனி 550 வாட் ஒன்று கட்டாயம். வீட்டில் 600 வி.ஏ. யு.பி.எஸ். இருந்தால் அது சாதாரணமாக 360 வாட்தான் தாங்கும். கரண்ட் போன சமயத்தில் ஆட்டத்தை முடிக்க அல்ல, கம்ப்யூட்டரை அணைக்க.

மாப்பிள்ளை (தங்கையின் கணவர்) அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், 'கரண்ட் பில்லு என்னாவும்?' என்றார். போட்டுப் பார்த்தோம். தினம் இரண்டு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 120 மணி. 75 வாட்டுக்கு 9 யூனிட். 160 வாட்டுக்கு 19 யூனிட் சொச்சம். வித்தியாசம் பத்து யூனிட். 'இதுக்கா இவ்ளோ நேரம்' என்று பேப்பருக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்து ரோடு. கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் 16 லேன் பாதை உண்டு. 5060 அதில் எட்டு லேன்தான் உபயோகிக்கும். புது போர்டில் ஐந்தாம் தலைமுறைப் பாதை, எட்டே தாராளம். மருமகன் போர்டில் இருப்பது மூன்றாம் தலைமுறை. தலைமுறைக்குத் தலைமுறை வேகம் இரட்டிப்பு என்பதால், அவனுக்குக் கிடைப்பது கால் பங்கு. சாதாரண நேரத்தில் பெரிதாகத் தெரியாது. கார்டிலுள்ள எட்டு ஜி.பி. மெமரி நிரம்பி வழியும்போது, மூட்டைகளெல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் போய்வர வேண்டும். படம் திக்கும். ஆனால் பழைய 2060-ம் 3060-ம் பதினாறு லேனையும் உபயோகிக்கிற ரகம். பழைய வீட்டுக்குப் பழைய மாப்பிள்ளையே பாந்தம் என்று சில சமயம் ஆகிவிடுகிறது.

ஆக, 5060 மட்டும் என்று ஆரம்பித்த கணக்கு இப்படி நின்றது. அது 2025 மே மாதம் வந்தபோது கம்பெனி சொன்ன விலை 299 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்றாலே 25,415. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் முப்பதாயிரத்துக்குப் பத்து ரூபாய் குறைச்சல். அதோடு எஸ்.எம்.பி.எஸ்., அதோடு ராம். நாற்பதாயிரம் முழுசாகப் போய்விடும். வாஷிங் மெஷின் வாங்கின அட்டைப்பெட்டிகூட வராது.

ஏன் இவ்வளவு விலை என்று கேட்காதவர் இல்லை. 1993-ல் கலிஃபோர்னியாவில் டென்னிஸ் என்ற சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து மூன்று பேர் போட்ட திட்டம் என்விடியா. ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மாலகோவ்ஸ்கி, கர்ட்டிஸ் ப்ரீம். 1999-ல் 'ஜிஃபோர்ஸ் 256' போட்டு, உலகத்தின் முதல் ஜி.பி.யு. என்று விளம்பரம் செய்தார்கள். கம்பெனியை வளர்த்தது ஆட்டக்காரப் பையன்கள். 2025 ஜனவரியில் முடிந்த வருஷக் கணக்கில் அதன் வருமானம் 130 பில்லியன் டாலரைத் தாண்டியது. அதில் ஆட்டக்காரர்கள் பங்கு சுமார் 11 பில்லியன். நூறு டாலரில் ஒன்பதுகூட இல்லை. மீதியில் பெரும்பங்கு ஏ.ஐ. வேலை பார்க்கும் டேட்டா சென்டர்கள். பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் நாம். இப்போது சாம்பார் தீர்ந்த பிறகுதான் நம் பக்கம் வாளி வருகிறது. 2025 கடைசியில் மெமரி சிப்புகளையும் ஏ.ஐ. சர்வர்களே வாரிக்கொண்டு போனதில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, பொதுஜனத்துக்கு விற்றுவந்த 'க்ரூஷியல்' வியாபாரத்திலிருந்தே விலகப்போவதாக அறிவித்தது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 2021-ல் ஈதர் என்ற டிஜிட்டல் காசு தோண்டுவதற்காக ராப்பகலாக ஓடிய கார்டுகள் ஏராளம். 2022 செப்டம்பர் 15 அன்று அந்தக் காசுக்கு கார்டு தேவையில்லை என்று முறையை மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு வேலையிழந்த கார்டுகள், துடைத்துப் பவுடர் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தன. ஆகவே ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் சரி, திருச்சிக் கடையானாலும் சரி, மூடி வைத்த பெட்டியைப் பார்த்துக் காசு கொடுக்க வேண்டாம். அங்கேயே மாட்டச் சொல்லி 'ஃபர்மார்க்' மாதிரி இலவசச் சோதனையை அரை மணி ஓட்டுங்கள். திரையில் பொட்டு, கோடு, கலர்த் தீற்றல் வந்தால் எழுந்து வாருங்கள். ஃபேன் முனகினால் பேரம் பேசுங்கள். பில் இருக்கிறதா, வாரன்டி மிச்சம் இருக்கிறதா, சீரியல் நம்பர் ஒத்துப்போகிறதா, மூன்றும் கேளுங்கள். மாட்டுத் தரகில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோமே, அதே சாஸ்திரம்.

தீர்ப்பு சொல்லும் நேரம் வந்தது. 'மாப்ளே, உனக்கு வேணுங்கறது 5060 இல்ல. அறுபது ஹெர்ட்ஸ் மானிட்டர்ல, அந்த ஒரு ஆட்டம் ஓடணும். அதுக்கு என்ன போதும்னு எழுது.' எழுதினான். 2060 ஒன்று. எட்டு ஜி.பி. ராம் இன்னொன்று. எஸ்.எம்.பி.எஸ். ஒன்று. மூன்றே வரி. அதை போட்டோ எடுத்து நண்பர்கள் குரூப்பில் போட்டான், எங்கேயாவது பழசு கிடைக்குமா என்று.

பத்து நிமிஷத்தில் பெங்களூரிலிருந்து போன். 'டேய் லூசு, நான் போன வருஷம் மாத்துனப்போ கழட்டுன 2060 பீரோ மேல கெடக்குதுடா. நீ அம்பது அறுபது தினுசு கார்டு பேரா சொல்லிக்கிட்டே இருந்தே. புதுசுதான் வேணும்போலன்னு நான் வாயத் தொறக்கல.' பொங்கல் லீவுக்கு வரும்போது பனியனில் சுற்றி எடுத்துவந்தான். காசு வாங்க மாட்டேன் என்றான். அரைக்கிலோ சின்ன வெங்காயம்கூட அல்ல, ஒரு மூட்டையே ஏற்றிவிட்டாள் தங்கை. ராம் பழையது ஒன்று பெரம்பலூரிலேயே கிடைத்தது. எஸ்.எம்.பி.எஸ். மட்டும் புதுசு. செட்டிங்ஸைக் குறைத்து, டி.எல்.எஸ்.எஸ். என்ற ஒட்டு வேலையையும் (சின்னப் படமாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வித்தை) போட்டதும் ஐம்பது சொச்சம் ஃபிரேம் வருகிறது. புல் தனித்தனியாக அசைவதில்லை. நாலாவது ஆள் வந்துவிட்டான். சீட்டுப் பணத்தில் பெரும்பகுதி பின்கட்டில் வெள்ளையாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது.

எல்லாருக்கும் பெங்களூரில் பீரோ வைத்த நண்பன் அமைவதில்லை என்பது தெரியும். ஆனால் அந்த மூன்று வரிச் சீட்டு எல்லாராலும் எழுத முடியும். 'எது பெஸ்ட்?' என்று கேட்டால் கடைக்காரர் எப்போதும் இன்னும் ஐயாயிரம் மேலே இருப்பதைக் காட்டுவார். அது அவர் தொழில் தர்மம். 'இந்த மானிட்டரில் இந்த ஆட்டம் ஓட எது போதும்?' என்று கேட்டுப் பாருங்கள், உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய் வேறொரு பெட்டியை எடுத்து வருவார். பெஸ்ட் என்பதற்கு முடிவே கிடையாது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நகர்ந்துகொண்டே இருக்கும். போதும் என்பது நகராது. அதை ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டால் ராத்திரித் தூக்கம் கெடாது.

ஆகவே கார்டு மாற்ற நல்ல நாள் எது என்று கேட்கிறவர்களுக்கு: புது மாடல் வந்த நாள் அல்ல. பக்கத்து சீட்காரர் வாங்கிய நாள் அல்ல. போனஸ் வந்த நாள் நிச்சயமாக அல்ல. நீங்கள் ஆசைப்படுகிற ஒன்றை உங்கள் மெஷின் கைவிரித்துவிடுகிற நாள். அதுவரை வேகமாகப் போகாதீர்கள். நடை சாத்தியிருக்கும்.